கனம்: அம்மாவைக் கனம்பண்ணுறதுன்னா என்ன?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்த அளவு அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கற்பனையைப் பத்தி. கற்பனைன்னா இமாஜினேஷன் இல்ல. சண்டே ஸ்கூல்ல மூச்சு விடாம ஒப்பிச்ச பத்துக் கற்பனைகள்ல ஒண்ணு. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்ற கற்பனை. சி.எஸ்.ஐ. சர்ச்ல வளர்ந்தவங்களுக்கு இது அஞ்சாவது. கத்தோலிக்க நண்பர்களையோ லுத்தரன் நண்பர்களையோ கேட்டா நாலாவதுன்னு சொல்வாங்க. எண்ணுற முறைதான் வேற, கற்பனை ஒண்ணுதான்.

அதுல இன்னைக்கு அம்மா பாதியை மட்டும்தான் எடுக்கிறேன். அப்பா போய் மூணு வருஷம் ஆகுது, அந்தப் பாதியைப் பேச எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்.

மே மாசம் ரெண்டாவது ஞாயிறு போனதும் நிறைய பேர் கேட்டீங்க, "அன்னையர் தின ஸ்பெஷல் போடலையா?"ன்னு. வேணும்னேதான் தள்ளிப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்ல எல்லா அம்மாவுக்கும் ஒரு ரோஜாப்பூ குடுத்தோம், ஃபோட்டோ எடுத்தோம், ஸ்டேட்டஸ் வெச்சோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு பக் ரிப்போர்ட் திறந்தே இருந்துச்சு. அதுக்கு அப்புறமா வர்றேன்.

முதல்ல அந்த நாளைப் பத்தியே ஒரு சின்னக் கதை. ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியாவுல கிராஃப்டன்ங்கிற ஊர்ல, ஒரு மெதடிஸ்ட் சர்ச்ல பல வருஷம் சண்டே ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க. 1905-ல இறந்துட்டாங்க. அவங்க மக ஆனா ஜார்விஸ் 1908 மே 10 அன்னைக்கு அதே சர்ச்ல அம்மா நினைவா ஒரு ஆராதனை ஏற்பாடு பண்ணி, 500 வெள்ளைக் கார்னேஷன் பூ அனுப்பி வெச்சாங்க. 1914-ல ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை நாடு முழுக்க கொண்டாடுற நாளா அறிவிச்சார். அதோட பூக்கடைக்காரங்க, சாக்லேட் கம்பெனி, வாழ்த்து அட்டை கம்பெனி எல்லாரும் உள்ள வந்தாங்க. ஆனா ஜார்விஸுக்கு வந்துச்சு பாருங்க கோபம்! தான் ஆரம்பிச்ச நாளுக்கு எதிராவே மிச்ச வாழ்க்கை முழுக்கச் சண்டை போட்டாங்க. அம்மாவுக்குக் கையால நாலு வரி எழுத முடியாம அச்சடிச்ச கார்டை வாங்கி அனுப்புறதை அவங்களால தாங்கவே முடியல. 1948-ல ஒரு சானட்டோரியத்துல இறந்தாங்க. வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பார்க்காம போய்ச் சேர்ந்துட்டாங்க, நல்லதுதான்.

சரி, கனம்.

தமிழ் பைபிள்ல "கனம்பண்ணு"ன்னு வர்ற இடத்துல எபிரேயத்துல இருக்கிற வார்த்தை "கபேத்". அதோட வேர், எடை. பாரமா இருக்கிறது. ஒரு கல்லு கனமா இருக்குன்னு சொல்லவும் அந்த வேர்தான், ஒரு மனுஷரை மதிக்கிறதுக்கும் அதே வேர்தான். இங்கிலீஷ்ல இதை மொழிபெயர்க்கும்போது அந்த எடை காணாமப் போயிடுது. தமிழ்ல போகல. நமக்கும் கனம்னா எடை, கனம்னா மரியாதை. "கனம் நீதிபதி அவர்களே"ன்னும் சொல்றோம், "பை ரொம்ப கனமா இருக்கு"ன்னும் சொல்றோம். பழைய தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவங்க அந்த வார்த்தையை எடுத்ததை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

இதுக்கு எதிர்ப்பதம் என்னன்னு பாருங்க. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்துல தாய் தகப்பனைச் சபிக்கிறவனுக்கு மரண தண்டனைன்னு ஒரு கடுமையான சட்டம் வருது. நாம அதைப் படிச்சா, வாய் நிறைய சாபம் விடுற ஒரு பிள்ளையைத்தான் கற்பனை பண்ணுவோம். ஆனா அங்க "சபிக்கிற"துக்கு இருக்கிற எபிரேய வேரோட அடிப்படை அர்த்தம், லேசா இருக்கிறது. எசேக்கியேல் 22-ல எருசலேமோட பாவப் பட்டியல் ஒண்ணு வரும். அதுலயும் தாய் தகப்பனைப் பத்தி அதே வேர்தான்: அவங்களை லேசாக்கிட்டாங்க.

லேசா எடுத்துக்கிறது. இது நமக்குப் புரியும்ல? நம்மள்ல யாரும் அம்மாவைச் சபிக்கிறதில்ல. "அம்மாதானே, அப்புறம் கூப்பிட்டுக்கலாம்"னுதான் சொல்றோம். ஆபீஸ்ல ஒரு டிக்கெட் வந்தா அதுக்குப் பி1, பி2, பி3ன்னு முன்னுரிமை போடுவோம். அம்மாவோட கால் எப்பவும் பி3. யாரும் அதை மூடுறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. ஸ்பிரிண்ட் மாறும்போதெல்லாம் அடுத்ததுக்குத் தள்ளிக்கிட்டே போகும்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்துல இருக்கு. அங்க இதே கற்பனையை இயேசு சொல்லும்போது வர்ற வார்த்தை "திமாவோ". அதோட பெயர்ச்சொல் "திமே". திமேன்னா மரியாதை, திமேன்னா விலையும்தான். யூதாஸுக்குக் குடுத்த 30 வெள்ளிக்காசைப் பத்தி மத்தேயு எழுதும்போது அந்த விலைக்கு வர்ற வார்த்தையும் திமேதான். தமிழ்ல "மதிப்பு" மாதிரி வெச்சுக்கோங்க. வீட்டோட மதிப்பு இவ்வளவு, அவர் மேல மதிப்பு இருக்கு, ரெண்டும் ஒரே வார்த்தை. எபிரேயத்துக்கு கனம், கிரேக்கத்துக்கு மதிப்பு. ஒண்ணு எடை, இன்னொண்ணு விலை. உணர்ச்சிங்கிற அர்த்தத்துல ஆரம்பிக்கிற வார்த்தை ரெண்டுல ஒண்ணு கூட இல்ல.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் கடிதம் அஞ்சாம் அதிகாரத்துல விதவைகளைக் கனம்பண்ணச் சொல்றார். படிச்சுக்கிட்டே போனா அது எழுந்து நிக்கிறதைப் பத்தி இல்லன்னு தெரியும். யாருக்குச் சாப்பாட்டுச் செலவை சபை ஏத்துக்கணும், யாரோட செலவைப் பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும் ஏத்துக்கணும்னு கணக்குப் போடுறார். வீட்டாரைக் கவனிக்காதவனைப் பத்தி அவர் சொல்ற வார்த்தை ரொம்பக் கடுமை. விசுவாசம் இல்லாதவனை விட மோசம்ங்கிற அளவுக்குப் போறார். நம்ம நாட்டுல 2007-ல பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. பிள்ளைங்க பார்த்துக்கலன்னா தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மாசம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரைக்கும் வாங்கலாம். அம்மா அன்பை ரூபாயில அளக்கலாமான்னு அப்ப பலருக்கு ஒரு சங்கடம். பவுலுக்கு அந்தச் சங்கடம் இருந்த மாதிரி தெரியல.

இன்னொரு விஷயம், இந்தக் கற்பனையோட ஆடியன்ஸ் யாரு? சண்டே ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் குடுத்தது, "அம்மா சொன்னா கேக்கணும், ஹோம்வொர்க் பண்ணணும்." ஆனா அதுக்கு முன்னாடி வர்ற ஓய்வுநாள் கற்பனையைப் பாருங்க. அதுல "நீ"ன்னு கூப்பிடப்படுற ஆளுக்கு மகன் இருக்கான், மகள் இருக்கா, வேலைக்காரங்க இருக்காங்க, மாடு இருக்கு. பின்னாடி வர்றதுல விபசாரம் பண்ணாதேன்னும் அடுத்தவன் மனைவியை இச்சிக்காதேன்னும் அதே ஆளுக்குச் சொல்லியிருக்கு. எட்டு வயசுப் பையனுக்கா இதெல்லாம்? சம்பாதிக்கிற, கைகால் நல்லா இருக்கிற, அம்மாவோட கை நடுங்க ஆரம்பிச்சுட்ட வயசுல இருக்கிற ஆளுக்குச் சொன்னது. அதாவது நம்ம வயசு.

யூத ரபிகள் இதைச் சரியாப் பிடிச்சாங்க. தால்முத்ல கித்துஷின்னு ஒரு பகுதி இருக்கு. கனம்பண்ணுறதுன்னா என்னன்னு கேட்டுட்டு, அவங்க குடுக்கிற பதில்: சாப்பிட வைக்கிறது, குடிக்கக் குடுக்கிறது, உடுத்தி விடுறது, போர்த்தி விடுறது, வெளிய கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றது. அவ்வளவுதான். ரபி தர்போன்னு ஒருத்தர், பெரிய அறிஞர். அவங்க அம்மா கட்டில்ல ஏறணும்னா இவர் குனிஞ்சு நிப்பாராம், அம்மா அவர் முதுகு மேல கால் வெச்சு ஏறுவாங்களாம். இறங்கும்போதும் அப்படியே. இதுல நான் கவனிச்சது, தர்போன் குனிஞ்சார். தன் மனைவியைக் குனியச் சொல்லல.

இதை நம்ம ஊர் ஆம்பளைங்க கொஞ்சம் நின்னு கேக்கணும். நம்ம வீடுகள்ல மகன் அம்மாவைக் கனம்பண்ணுவான், மருமக அம்மாவுக்குக் கஞ்சி வெப்பா. பேர் இவனுக்கு, வேலை அவளுக்கு. கற்பனை "உன் தாய்"னு சொல்லுது, யார்கிட்டயும் அவுட்சோர்ஸ் பண்ண இடம் வைக்கல. அதே மாதிரி பொண்ணுங்க பக்கம். கல்யாணம் ஆன மக அம்மாவுக்கு மாசம் ரெண்டாயிரம் அனுப்பணும்னா புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கு. கல்யாணம் ஆனதும் மகளுக்கு இந்தக் கற்பனை காலாவதி ஆகிடும்னு வேதத்துல எங்கயும் நான் பார்க்கல.

இப்ப மாற்கு ஏழாம் அதிகாரம். எனக்கு வலிக்கிற இடம்.

பரிசேயரும் வேதபாரகரும் இயேசுகிட்ட வந்து, உம்ம சீஷர்கள் ஏன் கை கழுவாம சாப்பிடுறாங்கன்னு கேக்கிறாங்க. அவர் திருப்பி அவங்க மேலயே ஒரு கேஸ் போடுறார். அந்தக் கேஸுக்குப் பேர் கொர்பான். கொர்பான்னா கடவுளுக்குன்னு நேர்ந்துக்கிட்ட காணிக்கை. ஒரு பொருளை "இது கொர்பான்"னு சொல்லிட்டா, அதை வேற யாரும் தொட முடியாது. எருசலேம் பக்கத்துல கிடைச்ச ஒரு எலும்புப் பெட்டி மேலயே இந்த வார்த்தையோட ஒரு அரமேயிக் கல்வெட்டு இருக்கு. உள்ள இருக்கிறதுல இருந்து எவனும் லாபம் பார்க்கக் கூடாது, அது கடவுளுக்குரியதுங்கிற மாதிரி எழுதியிருக்கும். கிட்டத்தட்ட ஒரு ஆக்ஸஸ் லாக்.

இயேசு சொல்ற கேஸ் இதுதான். ஒருத்தன் வயசான அம்மா அப்பாகிட்ட, "என்கிட்ட இருந்து உங்களுக்குக் கிடைச்சிருக்க வேண்டியது கொர்பான் ஆயிடுச்சு"ன்னு சொல்லிடுறான். அதுக்கப்புறம் அவன் அவங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்னு மதத் தலைவர்களும் விட்டுடுறாங்க. சும்மா கஞ்சத்தனமா இருந்தா ஊர் திட்டும். இது கடவுள் பேர்ல இருக்கிறதால யாரும் திட்ட முடியாது. முக்கியமா, அந்த அம்மாவால திட்ட முடியாது. கடவுளோட பேரைச் சொல்லியே கடவுளோட கற்பனையைச் செல்லாததா ஆக்கிட்டீங்கன்னு இயேசு சொல்றது இங்கதான்.

இப்ப பக் ரிப்போர்ட். அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன்.

அம்மா பாளையங்கோட்டையில தனியா இருக்காங்க. ரிட்டயர்ட் டீச்சர். ரெண்டு கண்ணுலயும் புரை. ஒவ்வொண்ணா ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்லி, முதல் கண்ணுக்குத் தேதி விழுந்தது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை. நான் சென்னையில. சர்ச் லைவ்ஸ்ட்ரீம் டீமை நான்தான் பார்த்துக்கிறேன். பரிசுத்த வாரம்னா உங்களுக்கே தெரியும். குருத்தோலை பவனி, பெரிய வியாழன், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை ஆராதனை. புது ஸ்விட்சர் வேற வாங்கியிருந்தோம், டெஸ்ட் பண்ணணும்.

போன்ல சொன்னேன், "அம்மா, ஊழியம் இருக்கும்மா. சித்தியைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்களேன்."

ஒரு செகண்ட் அமைதி. அப்புறம், "சர்ச் வேலைன்னா சரிய்யா. நீ பாரு."

ஆபீஸ் வேலைன்னு சொல்லியிருந்தா அம்மா என்னை உரிச்சிருப்பாங்க. "லீவு போட மாட்டியோ? உன் கம்பெனி உன்ன நம்பித்தான் ஓடுதோ?"ன்னு கேட்டிருப்பாங்க. சர்ச்னு சொன்னதால வாயை அடைச்சுட்டேன். கணவனை இழந்த ஒரு விசுவாசி அம்மா, மகன் ஊழியம் பண்றான்னா எதிர்த்து என்ன சொல்ல முடியும்? எங்க வீட்டுல கொர்பானுக்குப் பேர் ஊழியம்.

சித்திக்கு அன்னைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில கூட வந்தவங்க கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல போட்டது எதிர் வீட்டு அக்கா. முஸ்லிம். நோன்பு மாசம் முடிஞ்ச கையோட, வீட்டு வேலையை எல்லாம் விட்டுட்டு வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்திருக்காங்க. நல்ல சமாரியன் கதையை நான் சண்டே ஸ்கூல்ல நாலு வருஷம் நடத்தியிருக்கேன், தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அம்மா மெசேஜ் போட்டிருந்தாங்க. புதுக் கண்ணால முதல்ல பார்த்தது நம்ம லைவ்தானாம். "படம் தெளிவா இருந்துச்சுய்யா. நீ ஒரு தடவ குறுக்க போன, பார்த்தேன்."

அப்பவும் எனக்கு உறைக்கல. சந்தோஷமா ஒரு ஹார்ட் போட்டேன். டீம் குரூப்ல ஸ்க்ரீன்ஷாட் வேற போட்டேன்.

உறைச்சது ஈஸ்டருக்கு அப்புறம் ஊருக்குப் போனப்ப. ஃப்ரிட்ஜ் மேல மருந்துச் சீட்டுக்குப் பக்கத்துல மூணு காலி சொட்டு மருந்து பாட்டில். ஆபரேஷன் முடிஞ்சா கண்ணுல ஒரு நாளைக்குப் பல தடவ சொட்டு விடணும், வாரம் போகப் போகக் குறைக்கணும். ஒரு பாட்டிலே ரொம்ப நாள் வரணும். ஏம்மா மூணுன்னு கேட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு தானே விட்டுக்கிட்டிருக்காங்க. கை நடுங்குது. கண்ணுல ஒரு சொட்டு விழுந்தா கன்னத்துல மூணு சொட்டு. பத்து நாள்ல ஒரு பாட்டில் தீர்ந்திருக்கு. (இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டினேன். "பத்து இல்ல, எட்டு நாள்"னு திருத்தினாங்க. டீச்சர்ல.)

அன்னைக்கு ராத்திரி நான் சொட்டு விட்டேன். மல்லாக்கப் படுத்துக்கிட்டு, இமையைக் கீழே இழுத்துப் பிடிச்சு, ஒரே சொட்டு. மொத்தம் பத்து செகண்ட் வேலை. தால்முத் லிஸ்ட்ல சேர்க்கலாம்: சாப்பிட வைக்கிறது, போர்த்தி விடுறது, கண்ணுல சொட்டு விடுறது.

நான் லைவ்ஸ்ட்ரீமைத் தப்புன்னு சொல்லல, இன்னும் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். காணிக்கை தப்புன்னு இயேசுவும் சொல்லல. ஆனா என் டீம்ல ஆறு பேர் இருக்கோம், ஸ்விட்சரை யார் வேணா டெஸ்ட் பண்ணியிருக்கலாம். எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருந்துச்சு. அதுக்குக் கடவுள் பேரைப் போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு.

இதைக் கேட்டதும் உங்கள்ல சிலருக்கு வேற ஒரு கேள்வி வரும். அப்போ அம்மா சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடணுமா? வேலையை விட்டுட்டு ஊருக்கு வான்னா வரணுமா? அவங்க காட்டுற பொண்ணை, பையனைக் கட்டிக்கணுமா?

1 இராஜாக்கள் ரெண்டாம் அதிகாரத்துல ஒரு சீன் இருக்கு. சாலொமோன் ராஜா சிங்காசனத்துல இருக்கார். அம்மா பத்சேபாள் உள்ள வர்றாங்க. ராஜா எழுந்திருக்கிறார், எதிர்கொண்டு போறார், குனிஞ்சு வணங்குறார், தன் வலது பக்கத்துல அம்மாவுக்கு ஒரு ஆசனம் போட வைக்கிறார். கேளுங்கம்மா, மறுக்க மாட்டேன்னும் சொல்றார். அம்மா கேக்கிறாங்க: அபிஷாகை உன் அண்ணன் அதோனியாவுக்குக் கட்டிக் குடு. அது ராஜ்யத்துக்கே ஆப்பு வைக்கிற கோரிக்கைன்னு சாலொமோனுக்குப் புரியுது. அதே இடத்துல, அம்மா முகத்துக்கு நேரா, முடியாதுன்னுட்டார். அதுக்கப்புறம் அதோனியாவைக் கொன்னுடுறாங்க, அதனால இதைக் குடும்ப விளக்கக் கதையா எடுத்துக்காதீங்க. எனக்கு வேண்டியது அந்த ஆசனமும் அந்த "முடியாது"ம் ஒரே அறையில இருக்கிறது. வேணாம்னு சொன்னதும் ஆசனத்தைத் தூக்கிட்டுப் போனதா எழுதல.

மெஷின் லேர்னிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, ஒரு இன்புட்டுக்கு வெயிட் அதிகம்கிறதால அவுட்புட் எப்பவும் அது சொன்னபடியே வரும்னு இல்ல. ஆனா அந்த இன்புட்டைச் சேர்க்காம முடிவு வரவே கூடாது.

இயேசுவோட வாழ்க்கையிலயும் இதேதான். கானா ஊர் கல்யாணத்துல அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் குடுக்கிற முதல் பதில் கொஞ்சம் விலகினாப்லதான் இருக்கு. மாற்கு மூணுல குடும்பம் வெளிய நின்னு கூப்பிடுது, அவர் எழுந்து போகல. நாசரேத்துக்குத் திரும்பி வந்து தச்சு வேலையைப் பார்க்கணும்னு அவங்க எதிர்பார்த்திருந்தா, அது நடக்கல. அதே மகன்தான் சிலுவையில மூச்சு வாங்கிக்கிட்டிருக்கும்போது, அம்மாவை யார் வீட்டுல விடுறதுன்னு ஒரு ஏற்பாடு பண்றார். எங்க ஆபீஸ் பாஷையில ஹேண்ட்ஓவர். அந்த வேளையில இருந்து அந்தச் சீஷன் அவங்களைத் தன்கிட்ட ஏத்துக்கிட்டான்னு யோவான் எழுதுறார். உலகத்தை மீட்கிற வேலைக்கு நடுவுல இருக்கிறவர் அது. அவர்கிட்ட "ஊழியம் இருக்கும்மா"ன்னு சொல்ல உண்மையிலேயே காரணம் இருந்துச்சு.

அகஸ்டினையும் சொல்லிடுறேன், ஏன்னா அவர் நம்ம கேஸ். 383-ல அவருக்கு 28, 29 வயசு. கார்த்தேஜ்ல பேச்சுக்கலை வாத்தியார். அங்க மாணவர்கள் ரொம்ப அடாவடி, ரோம்ல ஸ்டூடன்ட்ஸ் ஒழுங்கா இருப்பாங்கன்னு வேலை மாற முடிவு பண்றார். (ரோம் போனா அங்க ஃபீஸ் கட்டாம எஸ்கேப் ஆகிறாங்க. வேலை மாறினவங்களுக்குத் தெரியும் இந்தக் கதை.) அம்மா மோனிக்கா, போகாதே, இல்லன்னா நானும் வர்றேன்னு கடற்கரை வரைக்கும் வந்து பிடிச்சுக்கிறாங்க. இவர், ஒரு நண்பனை வழியனுப்பத்தான் போறேன், காத்து மாறுற வரைக்கும் அவன் கூட இருக்கணும்னு ஒரு பொய் சொல்றார். அம்மாவைப் பக்கத்துல இருந்த சிப்ரியான் நினைவாலயத்துல ராத்திரி தங்க வைக்கிறார். அம்மா உள்ள அழுது ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கும்போது கப்பல் ஏறிப் போயிட்டார்.

ரோமுக்குப் போனது தப்பா? அங்கிருந்து மிலானுக்குப் போய்த்தான் அவர் கிறிஸ்தவரானார், 387-ல ஞானஸ்நானம் எடுத்தார். போனதைப் பத்தி அவருக்கு வருத்தம் இல்ல. பிற்காலத்துல பிஷப் ஆன பிறகு எழுதின புத்தகத்துல, அப்படிப்பட்ட ஒரு அம்மாகிட்ட பொய் சொன்னேனேன்னுதான் அறிக்கை பண்றார். சாலொமோன் முகத்துக்கு நேரா முடியாதுன்னார். அகஸ்டினுக்கு அந்தத் தைரியம் இல்ல. "மீட்டிங்ல இருக்கேம்மா", "இங்க சிக்னல் இல்லம்மா"ன்னு நாம சொல்றதும் அந்த ராத்திரிக் கப்பல்தான். அந்தப் பொய்யில அம்மா லேசாயிடுறாங்க. ஒரு உண்மையைத் தாங்குற அளவுக்கு அவங்க கனம்னு நாம நம்பல.

மோனிக்கா பின்னாடியே மிலான் வரைக்கும் வந்து சேர்ந்தாங்க, அது வேற விஷயம். ஞானஸ்நானம் ஆன அதே வருஷம் ஊருக்குத் திரும்பும் வழியில ஆஸ்தியாவுல இறந்துட்டாங்க. 56-ஆவது வயசு.

ஒரு லிஸனர் அனுப்பின கேள்வியோட கடைசிப் பகுதிக்கு வர்றேன். பேர் சொல்லல. அவங்க அம்மா அவங்களைச் சின்ன வயசுல ரொம்பக் காயப்படுத்தியிருக்காங்க, சர்ச்ல எல்லாரும் "அம்மாவைக் கனம்பண்ணு, எல்லாத்தையும் மறந்துடு"ன்னு சொல்றாங்களாம். என்கிட்ட முழுப் பதில் இல்ல, நான் கவுன்சிலர் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். நடந்ததை லேசா எடுத்துக்கோன்னு சொல்ற எந்த அட்வைஸும் இந்தக் கற்பனைக்கு எதிர்ப் பக்கம் நிக்குது. உங்க அம்மா செஞ்சது கனமான விஷயம். அதைக் கனமாவே வெச்சுக்கிட்டு, உங்களுக்குப் பாதுகாப்பான தூரத்துல இருந்து, அவங்களுக்கு மருந்துச் செலவு தேவைன்னா வேற ஒரு ஆள் மூலமா அதைப் பார்த்துக்கிட்டா, அதை ஐந்தாம் கற்பனையை மீறினதா என்னால பார்க்க முடியல. திரும்பப் போய் அடி வாங்கணும்னு வேதம் கேக்கல. நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட பேசுங்க, தயவுசெய்து.

எங்க வீட்டு அப்டேட்: ரெண்டாவது கண்ணுக்குத் தேதி விழுந்துருச்சு. அடுத்த மாசம், வியாழக்கிழமை. நெல்லை எக்ஸ்பிரஸ்ல புதன் ராத்திரிக்கு டிக்கெட் போட்டாச்சு. ஒரு வாரம் லீவு, அடுத்த வாரம் அங்கிருந்தே வேலை. சொட்டு மருந்துக்கு போன்ல அலாரம் ரெடி. எதிர் வீட்டு அக்காவுக்கு சென்னையில இருந்து என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்டதுக்கு, ஒண்ணும் வேணாம், நீ வந்தாப் போதும்னுட்டாங்க.

கல்யாண விஷயத்துல அம்மா இன்னும் ஒரு பயோடேட்டாவோட காத்துக்கிட்டிருக்காங்க. அதுக்கு இப்ப வேணாம்னு நேரா சொல்லியாச்சு. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் அவங்களே கூப்பிட்டாங்க.

டிக்கெட் போட்டதைச் சொன்னப்ப அம்மா முதல்ல கேட்டது, "அந்த ஞாயித்துக்கிழமை லைவ் யாருய்யா பாப்பா?"

"தம்பிங்க பார்த்துப்பாங்கம்மா. நாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பார்ப்போம்."

"கேமரா ஆடிச்சுன்னா நீ பாதியில எந்திரிச்சுப் போயிருவ. உன்னத் தெரியாதா எனக்கு."